பதினாலாம் பாடம் எங்கே?

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
திங்கட்கிழமை, பின்னேரம்.

பெருமதிப்புக்குரிய பத்திராதிபர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, எவர்சில்வர் பாத்திர வியாபாரி ஏகப்பன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. முருகன் அருளால் நானும் என் மனைவி மீனாளும் நலம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும், அச்சுக்கூடத்தில் மைக்கறையோடு நிற்பவர்களும், விடியற்காலையில் என் கடைக் கதவிடுக்கில் பத்திரிகையைச் செருகிவிட்டுப் போகும் அந்த முகம் தெரியாத மனிதரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஒருவரையும் விடாமல் நலம் விசாரித்துவிட்டதால் இனி நேரே கேட்கிறேன். பதினாலாம் பாடம் எங்கே?

தங்கள் புதன்கிழமை இணைப்பிதழில் 'வாரம் ஒரு பாடம்: வியாபார ஆங்கிலம்' என்று ஒரு தொடர் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மொத்தம் இருபத்தைந்து பாடம் என்று முதல் வாரமே வாக்குக் கொடுத்திருந்தீர்கள். அந்த வாக்கை நம்பித்தான் ஐயா நான் இறங்கினேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழும்பி ஆங்கிலத்தில் தங்களை அறிமுகப்படுத்தினார்கள். பிளாஸ்டிக் வாளி விற்கிறவர்கூட 'ஹவுஸ்ஹோல்ட் சொலூஷன்ஸ்' என்றார், எல்லோரும் கைதட்டினார்கள். என் முறை வந்ததும் எழும்பி, "ஏகப்பன்" என்றேன். பிறகு கதிரையில் இருந்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிட்ட புரியாணி எனக்கு மூன்று நாளாகச் செரிக்கவில்லை. அடுத்த புதனே தங்கள் முதல் பாடம் வந்தது, வெட்டி எடுத்துக் கொப்பியில் ஒட்டினேன்.

அன்று தொடங்கி ஒவ்வொரு பாடத்தையும் படித்ததோடு நிற்காமல் கடையில் நடத்தியும் காட்டினேன். நாலாம் பாடத்தில் 'மிஷன் ஸ்டேட்மென்ட்' வந்தது, அதாவது கடையின் குறிக்கோளை ஒரு வரியில் சொல்வது. பெரிய எழுத்தில் எழுதி முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். மீனாள் அதைப் பார்த்துவிட்டு, "சாமிக்குப் பக்கத்துல என்னங்க இது, கரண்ட் பில்லா?" என்று கேட்டுக் கழற்றிவிட்டாள். ஆறாம் பாடம் 'ஸ்வொட்'. நம்முடைய பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் நாலையும் நாலு கட்டத்தில் எழுதவேண்டுமாம். பிஸ்கட் பெட்டி மட்டையில் கட்டம் கீறி, பலம் என்ற இடத்தில் பதினெட்டு வரி எழுதினேன். பலவீனம் என்ற இடத்துக்கு எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வராததால் காலியாக விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அந்தக் கட்டத்தில் யாரோ பென்சிலால் 'யார் என்ன கேட்டாலும் சரி என்பது' என்று எழுதியிருக்கிறார்கள். யாரோ வாடிக்கையாளரின் குறும்பு. அழித்துவிட்டேன். ஒன்பதாம் பாடத்தில் 'ஹியூமன் ரிசோஸ்', அதாவது மனித வளம், வந்தபோது, இருபது வருடமாகப் பாத்திரம் துலக்கி அடுக்கும் ஆறாயியைக் கூப்பிட்டு, "ஆறாயி, நீதான் எங்கள் ஹியூமன் ரிசோஸ்" என்று பாராட்டினேன். அவள் கையிலிருந்த குத்துவிளக்கைக் கீழே வைத்து, "ஏன் மொதலாளி, வேலைய விட்டு நிப்பாட்டப் போறீங்களா?" என்று அழத்தொடங்கிவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் சம்பளத்தைக் கூட்டுவதாகச் சொல்லும்படி ஆயிற்று. தீபாவளிக்கு ஒரு வாரம் லீவும் கேட்டாள், அதற்கும் சரி என்றேன்.

இப்படியாகப் பதின்மூன்றாம் பாடம் வந்து சேர்ந்தது. தலைப்பு, 'கூட்டு முயற்சி யோசனைகளை வரவேற்பது எப்படி?' அதில் நாலு வசனம். 'தட் சவுண்ட்ஸ் எக்ஸலண்ட்' ஒன்று. 'வீ ஆர் டிலைட்டட் டு அக்செப்ட்' இரண்டு. 'லெட் அஸ் மூவ் ஃபோர்வர்ட்' மூன்று. 'யூ ஹாவ் அவர் ஃபுல் சப்போர்ட்' நாலு. கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்குத் தழும்பேறிவிட்டது. பாடத்தின் அடியில் தாங்கள் போட்டிருந்த வரி இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது: 'பதினாலாம் பாடம், ஒரு யோசனையை மரியாதையாக மறுப்பது எப்படி?' அடுத்த புதன் விழுந்தடித்துக்கொண்டு இணைப்பிதழைப் பிரித்தேன். அந்த இடத்தில் சோபா விளம்பரம். வழக்கம்போல அதையும் வெட்டிக் கொப்பியில் ஒட்டிவிட்டேன். அதற்கடுத்த புதன், முகப்பருவுக்குக் கடலைமா பூசுவது பற்றி ஒரு பக்கம். அதோடு சரி.

இதற்கிடையில்தான் ஐயா சஜீத் வந்தார். நாடு முழுக்கக் கடை திறந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டுப்பாவனைப் பொருள் கொம்பனியின் மனேஜர். பொறுமையான பிள்ளை, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் கடைக்குள் வந்தார். வந்தவுடன், "அங்கிள், ஒரு முக்கியமான விசயம் கதைக்கோணும்" என்று நல்ல தமிழில்தான் தொடங்கினார். அப்போது என் வாயில் சனி உட்கார்ந்தது. "இங்கிலீஷ் ப்ளீஸ்" என்றேன். மனிதர் கொஞ்சம் திகைத்து ஆங்கிலத்துக்கு மாறினார். எனக்கு முக்கால்வாசி விளங்கியது, பதின்மூன்று பாடமும் வீண்போகவில்லை. அவர்களுக்கு என் கடை வேண்டுமாம். நான் சொன்னேன், "தட் சவுண்ட்ஸ் எக்ஸலண்ட்." என் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு அவர்களுடைய பலகையைப் போடுவார்களாம். "வீ ஆர் டிலைட்டட் டு அக்செப்ட்." சுவரை இடித்துக் கண்ணாடி போடுவார்களாம், பெரிய அண்டா, கிடாரம் ஒன்றும் வைக்கமாட்டார்களாம், நான் விரும்பினால் வாசலில் ஒரு கதிரையில் இருந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லலாமாம். "லெட் அஸ் மூவ் ஃபோர்வர்ட்." இதைச் சொல்லும்போது பக்கத்திலிருந்த அண்டாவைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் உச்சரிப்பு சுத்தமாக வந்தது.

சஜீத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. தமிழுக்குத் திரும்பி, "அங்கிள், மெய்யாவே விருப்பந்தானா? அவசரமில்ல, வீட்டில கதைச்சிப் பாத்திட்டுச் சொல்லுங்க" என்றார். அப்போது நான் சுதாரித்திருக்க வேண்டும். மறுக்கிற வசனத்தைத் தேடினேன். கொப்பியில் சோபாதான் இருந்தது. மிச்சமிருந்த நாலாவது வசனத்தையும் சொல்லிவிட்டேன். அவர் கண் கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, ஒரு கேக் பெட்டியும் தந்துவிட்டுப் போனார்.

'நோ' என்று சொல்லத் தெரியாதா என்று தாங்கள் கேட்கலாம். தெரியும் ஐயா. ஆனால் தங்கள் பாட ஆசிரியர் முதல் வாரத்திலேயே எழுதியிருக்கிறார், வியாபாரத்தில் மொட்டையாக 'நோ' என்பது நாகரிகமில்லை, அதற்குரிய முறைகளைப் பின்னர் பார்ப்போம் என்று. அந்தப் 'பின்னர்' வராததால்தான் நான் இப்படி நிற்கிறேன். சிங்களத்தில் 'பே' என்று ஒரே எழுத்தில் முடிந்துவிடும். தமிழில் 'ஏலாது' இருக்கிறது. தமிழில் மறுப்பதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. தைப்பொங்கலுக்கு இரவல் போன இரண்டு கிடாரமும் இன்னும் திரும்பி வரவில்லை என்பது உண்மைதான், ஆனால் அது கோயில் காரியம். என் ஒன்றுவிட்ட தம்பி பாத்திரம் வைக்கிற அறையில் ஒன்பது மாதமாகத் தங்கியிருப்பதும் உண்மைதான், ஆனால் அவன் ஒரு வாரம் என்றுதான் கேட்டான். இவையெல்லாம் வேறு கதை.

போன வியாழன் தைரியத்தை வரவழைத்து சஜீத்துக்குப் போன் எடுத்தேன். தமிழில் சொல்லிவிடுவோம் என்றுதான் எடுத்தேன். "சொல்லுங்க அங்கிள், ஒங்கட போனத்தான் பாத்திட்டு ஈந்த. எங்கட பெரியவர் மாச முடிவில கொழும்பில இல்ல. அடுத்த வெள்ளி பத்தரைக்கே கைச்சாத்து வெச்சிக்கொள்ளுவமா?" என்றார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது. ராகுகாலத்தில் நான் ஒரு கரண்டி விற்றதில்லை. "எக்ஸலண்ட்" என்றேன். "அப்ப கடை உறுதிய எடுத்து வெச்சிக்கொள்ளுங்க" என்றார். கடையின் உறுதிப் பத்திரம் மீனாளின் அலுமாரியில் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. அவளிடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேக்கை யார் தந்தது என்று கேட்டாள், 'ஸ்டேக்ஹோல்டர்' என்றேன். இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

ஐயா, நான்கு நாளாக எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அடுக்கிய தட்டத்தையே மறுபடி அடுக்குகிறேன். வாசலுக்குப் போகிறேன், உள்ளே வருகிறேன், பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்க்கிறேன். கல்யாணமாகிப் பெண்பிள்ளைகள் இந்தத் தெருவிலிருந்து போகும்போது என் கடைக் குடமும் கூடவே போயிருக்கிறது, குடத்தில் பெயர் வெட்டிக் கொடுத்தவனும் நான்தான். முப்பத்தொரு வருடமாகக் காலை எட்டு மணிக்கு இந்தக் கதவைத்தான் திறக்கிறேன். இது போய்விட்டால் எட்டு மணிக்கு நான் எங்கே போவேன்? வாசலில் கதிரை போட்டு இருந்து வணக்கம் சொல்லவா? எனக்கு இந்தக் கடையைக் கொடுக்க மனமில்லை. மனமில்லை என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் தெரியவில்லை.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து நாளை மறுநாள் புதன் இணைப்பிதழில் பதினாலாம் பாடத்தைப் போடவேண்டும். இடமில்லை என்றால் கடலைமாவைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், பரு எங்கேயும் ஓடிவிடாது. அதுவும் முடியாதென்றால் பாட ஆசிரியரிடம் கேட்டு ஒரே ஒரு வசனத்தையாவது எழுதித் தந்தால் போதும், வியாழன் முழுவதும் கண்ணாடி முன்னால் நின்று பாடமாக்கிவிடுவேன். இந்தக் கடிதத்தை நாளைக் காலை நானே தங்கள் அலுவலக வாசலில் கொண்டுவந்து கொடுப்பேன்.

தங்கள் பத்திரிகை இன்னும் நூறு வருடம் கிழியாமல் ஓடவும், தங்கள் வீட்டில் என்றும் பால் பொங்கவும், பொங்குகிற பாத்திரம் என் கடையுடையதாக இருக்கவும் வாழ்த்தி, பாட ஆசிரியருக்கு என் தனிப்பட்ட வணக்கத்தையும் சொல்லி முடிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பதின்மூன்று பாட மாணவன்,
ஏகப்பன்.

பி.கு.: ஐயா, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கடித உறை வாங்கக் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் மீனாள் மேசையிலிருந்த இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்து என் முன்னால் விரித்து, "யார் பேர் போட்டிருக்கு, வாசிங்க" என்றாள். மீனாள் என்று போட்டிருந்தது. "எங்க அப்பச்சி எனக்குச் சீதனமா எழுதிக் குடுத்த கடை. என் கடையக் குடுக்கிறதுக்கு நீங்க யாரு?" என்றாள். வருடா வருடம் மாநகரசபை வரி ரசீதிலும் அவள் பெயர்தான் வருகிறது. வரி கட்டுகிறவன் நான் என்பதால் பெயரை வாசிப்பதில்லை. பிறகு என் போனை வாங்கி சஜீத்துக்கு எடுத்து, "தம்பி, அது ஏலாதுப்பா. கேக் நல்லா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளையும் சிரித்துக்கொண்டே வருகிறேன் என்றாராம். ஐயா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதுவிட்டேன்.

"பதினாலாம் பாடம் வந்திருந்தா மட்டும் கிழிச்சிருப்பீங்களாக்கும். தமிழ்ல யாருக்கு இல்லேன்னு சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பென்சிலை எடுத்து பிஸ்கட் மட்டையில் அழித்த இடத்தில் அதே வரியை மறுபடியும் எழுதிவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தையல் கடை மேபல் வந்து நிற்கிறார். மாதா கோயில் திருநாளுக்குச் சோறாக்க இருக்கிற ஒரே பெரிய அண்டாவும் வேண்டுமாம், இரண்டு நாளில் தந்துவிடுவாராம். இந்த முறை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறேன், இருங்கள்.

அண்டா தெருவைக் கடந்துவிட்டது. தாங்கள் அந்தப் பாடத்தை எப்படியாவது அனுப்பி வையுங்கள் ஐயா. தமிழில் இருந்தால் போதும்.