குளத்தச் சுத்தின மாப்பிள

கண்டி, 1938

இல்ல மாமா, மாப்பிளைய நான் குளத்துல தள்ளல்ல. அவரே எறங்கினாரு. கட்டுகஸ்தோட்டையில யாரு உங்களுக்கு என்ன சொன்னாலும் அது பொய். அஸ்ஸலாமு அலைக்கும், மொதல்ல எழுதவேண்டியது, அவசரத்துல பின்னால வந்திட்டு. கெலிஓயாவுல நீங்களும் மாமியும் சொகமா இரிக்க துஆ. இங்கயும் எல்லாரும் சொகம், வாப்பாட மொகத்தத் தவிர.

நடந்தது இதுதான். அலவத்துகொட நளீர நீங்கதானே எங்கட வீட்டு மூத்தவ ஜெஸீமா ராத்தாவுக்குப் பேசினீங்க. ராத்தா, "மொகத்தப் பாக்காம சரி சொல்ல மாட்டன்" எண்டு ஒரே புடியா நின்னா. வீட்டுல வெச்சிக் காட்டினா ஊர் பேசும். அதால உம்மா ஒரு வழி சொன்னா. உடவத்தைக் காட்டுல குளத்தச் சுத்திப் போற பாத இரிக்கே, ஏத்தம் எறக்கம் இல்ல, குருவியும் கொரங்கும் தவிர ஆளும் இல்ல. நான் நளீரக் கூட்டிட்டு அதுல நடக்குற, உம்மாவும் ராத்தாவும் குடையப் புடிச்சிட்டு எதிர்ல வாற, தாண்டுற நேரம் ராத்தா பாத்துக்குற. மாப்பிளைக்கு ஒண்டும் தெரியக்கூடாது. "பள்ளிக்கூடத்த விட்டுட்டுத் திரியிறவனுக்கு நடக்கவாவது தெரியும்தானே" எண்டாங்க வாப்பா.

ஆனா எந்தப் பக்கமாச் சுத்துற எண்டு ஒருத்தரும் பேசிக்கல்ல மாமா. அவங்களும் இடப்பக்கம், நாங்களும் இடப்பக்கம். குளத்துக்கு அங்கால கறுப்புக் குட தெரியுது, நாங்க நடந்தா அதுவும் நடக்குது. நில்லுங்க எண்டு கையக் காட்டினன். கடச் சாமான் மாதிரி புள்ளைய நிப்பாட்டி வெச்சிக் காட்டவா எண்டு உம்மா நிக்கவே இல்லயாம். சரி எண்டு நான் நளீரத் திருப்பினன். அதே நேரம் பாத்து உம்மாவும் திரும்பிட்டா.

நளீருக்குக் காலக் கடிக்கிற புதுச் சப்பாத்து, நல்ல ஒடம்பு வேற. "தம்பி, இன்னும் எத்தின சுத்து?"

"காத்து நல்லம்தானே காக்கா" எண்டன், அண்ணன் மொற வெச்சி.

"வெளங்குது. எனக்கு இழுப்பு நோய் எண்டு எவனோ சொல்லீக்கான், நெஞ்சச் சோதிக்கிறீங்க. நடங்க, பாப்பம்."

அதுக்குப் பிறகு மனுசன் ஓடாத கொறதான். அந்த நேரம் ஒரு கொரங்கு கொப்புல இருந்து கைய நீட்டி அவர்ட துருக்கித் தொப்பியக் கழட்டி, கடிச்சிப் பாத்து, புடிக்காம குளத்துல போட்டிச்சி. வெறுந்தலையோட டவுனுக்குள்ள போக ஏலாதே. எறங்கினாரு. தொப்பி மெதந்து போகப் போக இவரும் போனாரு, இடுப்பளவு தண்ணி. அங்கால கரையில ஏறித் தொப்பியப் போட்டாரு. முன்னால குட, குடைக்குக் கீழ உம்மாவும் ராத்தாவும்.

"ஸலாம் மாமி. பாத்தீங்கதானே, எனக்கு இழுப்பு இல்ல."

தொப்பிட செவப்புச் சாயம் நெத்தியில இருந்து தாடி வரைக்கும் வழியிது. மொகத்தப் பாக்க வந்த ராத்தாவுக்கு மொகமே தெரியல்ல. உம்மா குடைய மடக்கிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்திட்டா. அந்த நாள்ல இருந்து ராத்தா பேசுறதில்ல, தலகாணியில மொகத்தப் பொத்திட்டுப் படுத்தா தோள் மட்டும் குலுங்குது. பாவம். இது சரி வராது எண்டு நளீர் வீட்டுல மரியாதையாச் சொல்லிடுங்க, வாப்பாவும் அதத்தான் சொல்றாங்க. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளத் தரட்டும், அடுத்த மாப்பிளைக்குச் சாயம் போகாத தொப்பியத் தரட்டும்.

மருமகன் பஹ்மி

பி.கு.: நளீர் வீட்டுல ஒண்டும் சொல்லிடாதீங்க மாமா. ராத்தா இத வாசிச்சிட்டா. அழல்லயாம், இவ்வளவு நாளும் சிரிப்பாம். "மொகத்தக் கழுவிட்டு வரச் சொல்லு, இன்னும் பாக்கல்ல" எண்டா. ஆள் அனுப்பினோம், இந்தா நளீர் சந்தியில நிக்கிறாரு, புதுத் தொப்பியோட. உம்மா வலப்பக்கம், நாங்க இடப்பக்கம், இந்த மொற பேசி வெச்சாச்சு. குட கெளம்பிட்டு, நான் போகணும்