வசதிப் படிவமும் முப்பத்தெட்டு அடிப் படகும்

கடல் தாண்டிப் போன வீரர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கரையை விட்டு ஓர் அங்குலம் நகராமல் கடலை வென்ற மகானைப் பற்றி எழுதத்தான் இதுவரை ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்த அநியாயம் இன்றோடு தீர்ந்தது.

மகானுக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் கேப்டன். முப்பத்தோரு வருஷம் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து, ஒரு கோப்பைக்கூட அவசரப்பட்டு நகர்த்தாமல் ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்த கையோடு ஒரு பாய்மரப் படகு வாங்கினார். முப்பத்தெட்டு அடி நீளம், இரண்டு படுக்கையறை, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் மட்டும் நேராக நிற்கும் அடுப்பு. ‘நெடுந்தூரப் பயணத்தைச் சொகுசாக மேற்கொள்ள ஏற்ற நடுத்தரப் படகு’ என்று விற்றவர் காகிதம் கொடுத்திருந்தார். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியாயிற்று.

எதற்கு வாங்கினார் என்பது அவர் சம்சாரத்துக்கு மனப்பாடம். கடலுக்கு அந்தக் கரையில் மகள் இருக்கிறாள். அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றிலிருந்து கேப்டன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். பேத்தி பிறந்த சேதி வந்தபோது மட்டும் தொண்டையைச் செருமினார்.

“பெத்தவளுக்கு ஆசை இருக்கும். போவோம். ஆனா சொந்தப் படகுலதான் போவோம். கூலிக் கப்பல்ல போய் இறங்கினா என் கௌரவம் என்ன ஆகறது?”

மனுஷன் இளகிவிட்டார் என்று அந்த அம்மாள் அடுப்படியில் நின்று அழுதே விட்டாள். அன்றைக்கே பெட்டி கட்டினாள். பேத்திக்கென்று எடுத்து வைத்த சட்டைகளை, அளவு பத்தாமல் போய், இதுவரை மூன்று தடவை மாற்றி வைத்திருக்கிறாள். ஏனென்றால் பேத்திக்கு இப்போது ஐந்து வயது.

தாமதம் என்று யாரும் நாக்கில் பல் படப் பேசக்கூடாது. நடந்தது நிர்வாகம்! கேப்டன் நாற்பத்திரண்டு கட்டங்கள் கொண்ட ‘வசதி உறுதிப் படிவம்’ ஒன்று தயாரித்திருந்தார். எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் கோப்பு நகரும் என்பது அவர் அலுவலகத்துச் சட்டம். படகுக்கு வேறு சட்டமா என்ன? ஞாயிறுதோறும் படகிலேயே ‘தயார்நிலைக் கூட்டம்’. தலைவர் கேப்டன். உறுப்பினர், தேநீர் இரண்டும் சம்சாரம். சிறப்பு அழைப்பாளர் படகுத்துறையில் வேலை பார்க்கும் தச்சர். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு ‘வசதிக் குறைவு’ கண்டுபிடிக்கப்பட்டது. செருப்பு அலமாரி வந்தது. சாய்வு நாற்காலி வந்தது. துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. வந்த ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் புதிதாக இரண்டு கட்டம் முளைத்தது.

போன வருஷம் ஒருநாள் தச்சர் தலையைச் சொறிந்தார்.

“ஐயா, படகு நாலு விரக்கடை தண்ணிக்குள்ள இறங்கிடுச்சுங்க. பாரம் தாங்காது. எதையாவது எடுத்தாகணும்.”

இரண்டரை மணி நேரம் விவாதம். கடைசியில், நாலு வருஷமாக யாருமே தொடாத பொருள் எது என்று ஆராய்ந்து, ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: பாய்கள்.

“பாயில்லாம பாய்மரப் படகு எப்படிங்க போகும்?” என்றார் தச்சர்.

“போறப்ப அதைப் பார்த்துக்கலாம்” என்றார் கேப்டன்.

அடேயப்பா, என்ன தொலைநோக்கு! பாய்கள் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் சேர்ந்தன. அதற்கு மேல் படுத்துக்கொண்டு அந்த அம்மாள், காற்று அடிக்கும்போதெல்லாம், மகள் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதம் மகள் போனில் கூப்பிட்டாள். “அம்மா, ரெண்டாவது உண்டாயிருக்கேன். டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே கூடாதுங்கறாங்க. பெரியவளுக்குத் தலை வாரக்கூட ஆளில்ல. இந்தத் தடவையாவது வருவியாம்மா?”

“வரேன்டி” என்றாள் அந்த அம்மாள். சொன்ன பிறகுதான், இதே வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம் என்று நினைத்து அவளுக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளே போய், பக்கத்துத் துறையிலிருந்து புறப்படும் பயணிகள் கப்பலில் தனக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டாள்.

கப்பல் ஞாயிற்றுக்கிழமை காலை. படகில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. திரைச்சீலை நீலமா பச்சையா என்பது அன்றைய பொருள்.

“நான் கிளம்பறேங்க. பதினோரு மணிக் கப்பல்” என்றாள், படகில் ஏறாமல், படகுத்துறைப் பலகையில் நின்றபடியே.

“நிகழ்ச்சி நிரல்ல இது இல்லையே” என்றார் கேப்டன்.

“அவ படுத்த படுக்கையா கிடக்கறா.”

“இன்னும் ஏழே கட்டம்தான்! இந்த மெத்தை அந்தக் கப்பல்ல உண்டா? இந்த அடுப்பு உண்டா? அஞ்சு வருஷமா இவ்வளவையும் யாருக்காகப் பண்ணினேன்? உனக்காகத்தானே?”

தச்சர் குனிந்து அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். அந்த அம்மாள் படகை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நிதானமாகப் பார்த்தாள்.

“வாஸ்தவம்தாங்க. இவ்வளவு வசதி வேற எங்கயும் கிடைக்காது. மகளைப் பார்க்க வரமாட்டேன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அந்த வாரமே நான் தனியாப் போய் பேத்தியைக் கையில வாங்கியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வராம, முப்பத்தெட்டு அடிக்குப் படகு வாங்கி நிறுத்தின ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்!”