வா ராசா, இன்னும் ஒரு தாள்

பிள்ளைகளே, டயகமத் தேயிலைத் தோட்டப் பக்கத்திலேயே கட்டிலை வெளியே போட்டுவிட்டு பிரின்டரை வீட்டுக்குள் வைத்துக்கொண்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் நம் லயத்து வீட்டு வரிசையின் டோனர் மாமா. அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

தேயிலை ஃபெக்டரியில் பெட்டி தூக்கியவர். ஓய்வு பெற்ற மாதமே, கொழும்பில் ஏதோ ஒரு கம்பெனிக் கந்தோர் கழித்துப்போட்ட பெரிய லேசர் பிரின்டரை வாங்கி, மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியில் ஏற்றி வந்துவிட்டார். ஆறு பேர் தூக்கினோம். அவருடைய ஒற்றைக் காம்பரா அறையின் கதவுக்குள் நுழையவில்லை. நிலையைக் கழற்றினோம். அது உள்ளே போனதும் கட்டில் வெளியே வந்தது.

“சாமி படத்துக்கே எடமில்ல, இந்தச் சனியனுக்கு நடு வீடா?” என்றார் அவர் மனைவி செல்லம்மா அக்கா.

“சின்னதா புதுசு ஒண்ணு வாங்கியிருக்கலாமே அண்ணே?” என்று நானும் கேட்டேன்.

“புதுசு கைப்புள்ள மாதிரி தம்பி, சும்மா சும்மா மை கேட்டு அழும். இது நம்ம ஆளு. அஞ்சு லட்சம் தாள் அடிக்க வச்சிட்டு, கெழடுன்னு வெளிய தள்ளிட்டானுங்க. இன்னும் அஞ்சு லட்சம் அடிக்கும் பாருங்க.”

அவருக்கு ஒரே மகள். அவள் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருடம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஒரே ஒரு பழைய வினாத்தாள். பதினொரு பிள்ளைகள் கைமாற்றிப் படித்தார்கள். அவள் முறை வருவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. படிப்பும் அப்படியே விட்டுப்போய், இன்று கொழும்பில் வீட்டு வேலை செய்கிறாள். அதனால்தான் மாமாவுக்கு அந்தப் பிடிவாதம்: நம் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு வினாத்தாள்.

நம் மூடுபனியில் தாள் நமுத்துப்போய் மெஷினுக்குள் சிக்கும். ஆகவே தாள்கட்டுகள் அடுப்பங்கரையில் காய்ந்தன. உங்கள் கணக்குத் தாளில் கருவாட்டு வாசம் வந்தது அதனால்தான்.

சுவிட்சைப் போட்டால் லயத்தின் பன்னிரண்டு வீடும் மங்கும்; டிவி நிற்கும்.

“டோனரண்ணே! தாலி ஏறுற நேரம் பாத்தா அடிப்பீங்க? அணைங்கண்ணே!” என்று பக்கத்து வீட்டு சரோஜா அக்கா கத்துவார்.

கடைசியில் சமாதானம் ஆனது. நாடகத்துக்கு இடையே விளம்பரம் வரும்போது மட்டும் அடிக்கலாம். சரோஜா அக்கா “வெளம்பரம்!” என்று குரல் கொடுத்ததும் மாமா சுவிட்சைப் போட்டு, பிரின்டரின் முதுகைத் தட்டுவார். “வா ராசா, வா. இன்னும் ஒரு தாள்.” நீங்கள் ஆட்டுக்குட்டியைக்கூட அப்படித்தானே கூப்பிட்டீர்கள்!

இந்த வருடம் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

“பரீட்சை முடியட்டும் தம்பி. கடைசித் தாள் பதினாறு புள்ளைங்களுக்குப் பாக்கி.”

அந்தப் பதினாறையும் அடிக்காமலே போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் மாலை செல்லம்மா அக்கா என்னைக் கூப்பிட்டார். “பரீட்சைக்கு மூணு நாளுதான் இருக்கு. அந்தப் பதினாறையும் அடிச்சிருங்க தம்பி.”

சுவிட்சைப் போட்டேன். லயம் மங்கியது. நாடக நேரம். கத்தப் போகிறார்கள் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். யாரும் கத்தவில்லை. சரோஜா அக்கா வீட்டு டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த வீட்டில். பிறகு ஒவ்வொன்றாக எல்லா வீட்டிலும். விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள்.

“அடிங்க தம்பி,” என்றார் சரோஜா அக்கா இருட்டுக்குள்ளிருந்து. “இன்னைக்கு முழுக்க வெளம்பரம்தான்.”

முதல் தாளே சிக்கிக்கொண்டது.

“அது நமுத்த கட்டு தம்பி. இந்தாங்க.” செல்லம்மா அக்கா அடுப்பங்கரையிலிருந்து வேறொரு கட்டை எடுத்து வந்தார். சூடாக இருந்தது. அவர் போன பிறகும் அக்கா தினமும் காயவைத்திருக்கிறார்.

பிரின்டரின் முதுகில் கை வைத்தேன்.

“வா ராசா,” என்றேன்.

வந்தது.