உரிச்சாச்சு

முத்தமிழ்செல்வன் அழுகிறான் என்ற செய்தி குரும்பலூர் பஸ் ஸ்டாப்பைத் தொட்டபோது, அவன் இரண்டாவது கிலோ வெங்காயத்தைக்கூட உரித்து முடித்திருக்கவில்லை.

செய்தியைக் கொண்டுபோனவள் பக்கத்து வீட்டுச் சிந்தாமணி. துணி காயப்போட வந்தவள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த முத்தமிழ், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி! அழுதுட்டியா?”

“இல்ல பெரியம்மா. வெங்காயம்.”

“அழுப்பா. நல்லா அழு. இதுக்குத்தான நாங்கள்லாம் காத்துக் கெடந்தோம்!”

பிழிந்த சேலையை மதில்மேலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

ஊர் காத்துக் கிடந்தது உண்மைதான். போன மழைக்காலத்தில் மனைவி தேவயானி காய்ச்சலில் போனபோது முத்தமிழ் அழவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டான். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வழி சொன்னான். வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்தான். காரியம் முடிந்த அன்று பந்தல்காரர் ஒரு நாற்காலி குறைகிறது என்றார். முத்தமிழ் தெருத்தெருவாகப் போய் அதைத் தேடிக்கொண்டு வந்து கொடுத்தான்.

“கல்லு” என்றது ஊர். அதற்கு மேல் அவனிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அழுவதற்கு இப்போது அவனுக்கு நேரமும் இல்லை. தொழில் தொடங்கியிருந்தான்.

அவள் போன பிறகு சென்னை வேலையை விட்டு ஊருக்கு வந்த புதிதில் ஒருநாள் சாம்பார் வைக்கப் பார்த்தான். பருப்பு வெந்துவிட்டது. சின்ன வெங்காயம்தான் உரிபடவில்லை. மத்தியானச் சாம்பார் சாயங்காலம் இறங்கியது. தேவயானி என்றால் அவள் அப்பாவோடு போனில் பேசி முடிப்பதற்குள் ஒரு கிண்ணம் உரித்துவிடுவாள். இந்த ஜில்லாவில் சின்ன வெங்காயம் லாரி லாரியாக விளைகிறது, உரித்துக் கொடுக்க ஒரு ஆள் இல்லையே என்று அன்றைக்கு அவனுக்குத் தோன்றியது.

திருச்சியில் தொழில்முனைவோர் பயிற்சி என்று போஸ்டர் பார்த்துப் போனான். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார்.

“எது உங்கள ரொம்ப எரிச்சல் படுத்துதோ, அதுல ஒரு பிசினஸ் ஒளிஞ்சிருக்கு!”

முத்தமிழுக்கு அது பிடித்திருந்தது. கம்பெனிக்குப் பெயர் அங்கேயே வைத்துவிட்டான். ‘உரிச்சாச்சு’. உரித்த சின்ன வெங்காயம், பாக்கெட்டில். எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்து, தொழில் இலக்கு ஒரு பக்கம், சொந்த வாழ்க்கை இலக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். தொழில் பக்கத்தில் கடகடவென்று எழுதினான். முதலில் ஒரு வருஷ ஒப்பந்தம், பிறகு ஒரு ஷெட், பிறகு இருபது பெண்களுக்கு வேலை. சொந்த வாழ்க்கைப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘தொழில்’ என்று எழுதினான்.

பயிற்சியாளர் அதை மைக்கில் படித்துக் காட்டி எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

முதல் ஒப்பந்தம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்களுக்கு கேண்டீன் நடத்தும் ஜெயசீலன் ஒத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வாரம் பாப்போம் தம்பி. தெனம் பத்து கிலோ, காலை மொத பஸ்ல வந்துரணும். ஒரு நாள் தப்புனாலும் நான் வேற ஆளப் பாத்துக்குவேன். சரியா இருந்துச்சுன்னா வருஷம் பூரா ஒங்களுக்குத்தான்.”

அந்த வாரத்தின் முதல் நாள்தான் இது. கம்பெனியின் முதலாளி, மேனேஜர், உரிக்கும் ஆள் மூவருமே முத்தமிழ்தான். மூவருக்குமே கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

சிந்தாமணி திரும்பி வந்தாள். கூட நாலு பெண்கள். ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ்.

“குடிப்பா. மனசுலயே வெச்சிருந்தா ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?”

“பெரியம்மா, இது வெங்காயம். சாறு கண்ணுல படுது. அவ்வளவுதான்.”

“ஆமாமா, வெங்காயந்தான்” என்றாள் சிந்தாமணி. நாலு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “வெங்காயந்தான்” என்று அவர்களும் சொன்னார்கள். அப்படியே சுற்றி உட்கார்ந்து, தேவயானி கோலம் போடும் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். முத்தமிழின் கண்ணில் இன்னும் கொட்டியது. “பாரு பாரு” என்று ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள்.

மறுநாள் காலை கடைசிப் பையை, நகர ஆரம்பித்த பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் கண்டக்டரிடம் கொடுக்க முடிந்தது.

‘தடை வந்தால் வழியை மாற்று, இலக்கை மாற்றாதே’ என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தார். முத்தமிழ் வழியை மாற்றினான். செல்போனில் ஒரு வீடியோ பார்த்து, வெங்காயத்தை உப்புப் போட்ட தண்ணீரில் விடிய விடிய ஊற வைத்தான். தண்ணீரை இரண்டு தடவை மாற்றினான். காலையில் தோல், சட்டையைக் கழற்றுவது போல வந்தது. வேலை பாதியாகக் குறைந்தது.

கண்ணில் மட்டும் நீர் நிற்கவில்லை.

ரகம் சரியில்லை என்று முடிவு கட்டினான். வண்டியை எடுத்துக்கொண்டு வேப்பந்தட்டைப் பக்கம் போய் வேறொரு காட்டில் விளைந்த வெங்காயம் இரண்டு மூட்டை வாங்கி வந்தான். அதையும் ஊற வைத்தான். அதுவும் அப்படியே.

“எந்தக் காடும் சரியில்ல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

வெங்காயத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆறுதலைத்தான் பொறுக்க முடியவில்லை. காலை ஹார்லிக்ஸ், பதினொரு மணிக்கு ரஸ்னா, நடுவில் யாராவது வந்து தோளைத் தட்டிவிட்டுப் போவது. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வெங்காயம் கீழே உருண்டது. ஆகவே முத்தமிழ் மூட்டையை உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

கால் மணி நேரம் நிம்மதியாக வேலை நடந்தது. அப்புறம் கதவு இடிபட்டது.

“தம்பி! கதவத் தொற! அவசரப்பட்டு எதுவும் பண்ணிராத!”

“வேல செய்யிறேன் பெரியம்மா!”

“கையில என்னா வெச்சிருக்க?”

முத்தமிழ் பொய் பேசத் தெரியாதவன். “கத்தி” என்றான்.

தாழ்ப்பாள் இரண்டு துண்டாகக் கழன்று வந்தது. உள்ளே புகுந்தவர்கள் கத்தியைப் பிடுங்கினார்கள். அடுப்படிக்குப் போய் அரிவாள்மனையை எடுத்தார்கள். சவரம் செய்யும் பிளேடை எடுத்தார்கள். போகிற போக்கில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

“வெங்காயத்தோட வாலு நறுக்கணும் பெரியம்மா!”

“எல்லாம் மனசு தேறட்டும். அப்பறம் நறுக்கிக்கலாம்.”

அன்று மீதியை நகத்தாலேயே உரித்தான். இரவு சோறு பிசையும்போது விரல் பத்தும் காந்தியது. ஆனாலும் பத்து கிலோ பஸ் ஏறியது. தாழ்ப்பாள் இல்லை, கத்தி இல்லை, இலக்கு இருந்தது.

மறுநாள் பெரம்பலூர் டவுனுக்குப் போய் விளையாட்டுச் சாமான் கடையில் நீச்சல் கண்ணாடி கேட்டான்.

“நீச்சல் கத்துக்கப் போறீங்களா சார்? நம்மூர்ல எங்க தண்ணி?” என்றார் கடைக்காரர்.

“வெங்காயம் உரிக்க.”

கடைக்காரர் அவசரமாக ஒரு கண்ணாடியை எடுத்து வைத்தார். மீதிச் சில்லறையைத் தள்ளி நின்று கொடுத்தார்.

கண்ணாடியின் ரப்பர் பட்டை மண்டையை இறுக்கியது. அதில் கண் இன்னும் சிவந்து வீங்கியது. பார்வை புகைமூட்டமாகத் தெரிந்தது. இருந்தாலும் கழற்றவில்லை. ஜெயசீலனிடம் கடைசி நாள் பேச வேண்டியதை, உரித்துக்கொண்டே, எதிரே இருந்த மூட்டையிடம் சொல்லிப் பார்த்தான்.

“வணக்கம். எங்க கம்பெனியோட நோக்கமே ஒங்க நேரத்த மிச்சப்படுத்துறதுதான். நீங்க எங்கள நம்பலாம்…”

வாசலில் ஒரு பை விழும் சத்தம் கேட்டது. வேப்பந்தட்டையில் கட்டிக் கொடுத்திருந்த அவனுடைய அக்கா பரிமளா நின்றுகொண்டிருந்தாள். சிந்தாமணி போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

“என்னாடா தம்பி இது வேஷம்?”

“தொழிலுக்கா.”

“என்னா தொழிலு? மூட்டைக்கு வணக்கம் வெக்கிறதா?”

“அக்கா, இது ஒத்திகை. கண்ணாடி போடலன்னா கண்ணு எரியுது. போட்டாலும் எரியுது. அதுக்கு நான் என்னா பண்றது?”

பரிமளா அவனைப் பிடித்து நெற்றியில் விபூதி பூசினாள். பிறகு கொல்லைக்குப் போய், அவனுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, போனில் கத்தினாள்.

“மாமா, பரிமளா பேசுறேன். நீங்க ஒடனே வாங்க. தம்பி மூஞ்சியில ஒரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு வெங்காயத்துக்கிட்ட நம்புங்க நம்புங்கன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கான்!”

தேவயானியின் அப்பா வீரமுத்து எறையூரில் கரும்பு வைத்திருப்பவர். வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். ஆட்களை அப்படியே விட்டுவிட்டு டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கினார். வேட்டியெல்லாம் கரும்புச் சோகை.

முத்தமிழ் எழுந்து நின்றான். மாமனாருக்கு முன்னால் அந்தக் கண்ணாடியோடு நிற்பது மரியாதையாகப் படவில்லை. கழற்றினான்.

வீரமுத்து அவன் கண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“வெங்காயம் மாமா” என்றான்.

“தெரியுது மாப்ள.”

“நாளைக்குக் கடைசி நாளு. ஒரு கிலோ கொறஞ்சாலும் ஒப்பந்தம் போயிரும். இவங்க யாரும் என்ன வேல செய்ய வுட மாட்டேங்குறாங்க.”

வீரமுத்து துண்டை உதறித் தரையில் போட்டு உட்கார்ந்தார். “குடுங்க. நானும் உரிக்கிறேன்.”

மாமனாரே உட்கார்ந்துவிட்டபோது மற்றவர்கள் எப்படி நிற்பது? பரிமளா உட்கார்ந்தாள். சிந்தாமணி, பறிமுதல் செய்த கத்தியைக் கொண்டுவந்து வீரமுத்துவிடம் கொடுத்து, “நீங்க வெச்சுக்கங்க, தம்பிக்கிட்ட குடுத்துராதீங்க” என்று சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்தாள். வெங்காயம் மளமளவென்று உரிந்தது. யாரும் ஹார்லிக்ஸ் பேச்சே எடுக்கவில்லை.

“சின்னப் புள்ளையில அதுக்கு வெங்காயம்னாலே ஆவாது” என்றார் வீரமுத்து, யாரிடமும் இல்லாமல். “தட்டுல ஓரமா ஒதுக்கி வெச்சிரும். ஒங்கள கட்டுனப்பறந்தான் திங்கக் கத்துக்கிச்சு மாப்ள.”

சொல்லிவிட்டுத் துண்டின் நுனியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பரிமளா மூக்கை உறிஞ்சினாள். சிந்தாமணி முந்தானையையே வாயில் வைத்துக்கொண்டாள்.

முத்தமிழ் நிமிர்ந்து பார்த்தான். ஒரு வாரமாக அவன் காத்திருந்த சாட்சி அவன் எதிரிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தது.

“பாத்தீங்களா மாமா! ஒங்களுக்கும் எரியுது! பெரியம்மாவுக்கும் எரியுது! நான் சொன்னேன்ல?”

வீரமுத்து மருமகனைப் பார்த்தார்.

“ஆமா மாப்ள” என்றார். “பொல்லாத வெங்காயந்தான்.”

பொழுது சாய்வதற்குள் பத்து கிலோவும் முடிந்தது. ஷெட்டும் இருபது பெண்களும் நடக்கக்கூடிய காரியம்தான் என்று முத்தமிழுக்கு முதல்முதலாக நம்பிக்கை வந்தது.

மறுநாள் பஸ்ஸில் போட்டு அனுப்பவில்லை. பெட்டி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, பைகளோடு அவனே அரியலூர் போனான். கேண்டீனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஜெயசீலன் இருந்தார். ஒப்பந்தத் தாள் மேசைமேல் இருந்தது. பேனாவை மூடி கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், முத்தமிழின் முகத்தைப் பார்த்ததும் மூடியைத் திரும்பப் போட்டார்.

“தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. காலையிலயே குடிக்கிற பழக்கம் உண்டா?”

“இல்ல சார்.”

“ராத்திரியில?”

“எப்பவுமே இல்ல சார்.”

“கண்ணு ரெண்டும் மொளகாப்பழம் மாதிரி இருக்கே. குடிக்கிற ஆளுகிட்ட நான் சரக்கு எடுக்குறதில்ல. ரெண்டு தடவ பட்டுட்டேன்.”

மூட்டையிடம் ஒத்திகை பார்த்த பேச்சில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் முத்தமிழ் பின்வாங்குவதற்காக இவ்வளவு தூரம் வரவில்லை. குறையையே பலமாகக் காட்டு என்று கோட்டுக்காரர் சொன்னதைப் பிடித்துக்கொண்டான். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அதான் சார் எங்க தரம். எங்க வெங்காயம் அவ்வளவு காரம். ஊற வெச்சுப் பாத்தேன், அடங்கல. காடு மாத்திப் பாத்தேன், அடங்கல. கண்ணாடி போட்டுப் பாத்தேன். நேத்து எங்க வூட்டுல ஒக்காந்து உரிச்ச அத்தன பேரும் அழுதாங்க சார். எங்க மாமனாரு கரும்பு வெட்டுற மனுசன். அவரே அழுதுட்டாரு.”

ஜெயசீலன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்புகிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

“நீங்க சொல்றது இருக்கட்டும். சமைக்கிறவன் சொல்லட்டும்” என்று எழுந்து, கதவைத் திறந்து, “அமல்தாஸ்!” என்று குரல் கொடுத்தார்.

தலைமைச் சமையல்காரர் அமல்தாஸ் இடுப்புத் துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார். வரதராசன்பேட்டைக்காரர், பெரிய உருவம். அவர் பின்னாலேயே தாளித்த வாசனையும் உள்ளே வந்தது. முத்தமிழ் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு வாரமா இந்தத் தம்பி வெங்காயத்துலதான சமைக்கிற? என்னா சொல்ற? வருஷத்துக்கு எழுதிரலாமா?”

“யோசிக்கவே வேணாம் சார். இவருக்கே எழுதுங்க. பத்து கிலோ பத்தாது, இருபதா போடச் சொல்லுங்க.”

முத்தமிழின் முகம் மலர்ந்தது. ஜெயசீலன் மூடியைக் கழற்றினார்.

“அப்படி என்னாய்யா இருக்கு அந்த வெங்காயத்துல?”

“அத ஏன் சார் கேக்குறீங்க” என்று சிரித்தார் அமல்தாஸ். “ஒரு வாரமா நாங்க நாலு பேரும் ஒக்காந்து அரியிறோம். ஒருத்தன் கண்ணுகூடக் கலங்கல சார்.”