பின்னணியில் அப்பா

கமராவையே தொடாத மனிதரால் உலகத்துக்கு ஒரு தீங்கும் இல்லை. கமராவை இரவல் வாங்கிக்கொண்டு, இயற்கைக் காட்சிகளை அழகாகப் படமெடுப்பது எப்படி என்று யூடியூபில் நாள் முழுக்கப் பார்ப்பவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். அக்காவின் கல்யாணத்தின்போது நான் அந்த இரண்டாவது வகையில் இருந்தேன்.

அக்காவுக்குப் பேசியிருந்த சுகந்தன் அத்தான் கனடாவில் இருப்பவர். அங்கே இலையுதிர் காலத்தில் எடுத்த படங்களை அக்காவுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார். சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள். அக்கா அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதும் எனக்கு நாட்டுப்பற்று வந்துவிட்டது.

“எங்களிட்டையும் இலை கொட்டுது. விசுவமடுப் பக்கம் தேக்கங்காடு இருக்கெல்லே? அத்தான் வந்தவுடன அங்க வச்சு ஒரு படம் எடுப்பம். பெருசா அடிச்சு மண்டப வாசலில வைப்பம்.”

அப்பா சம்மதித்தார். ஆனால் தானும் வருவேன் என்றார். (கல்யாணத்துக்கு முன்னர் பெண்ணும் மாப்பிள்ளையும் காட்டுக்குப் போவதென்றால், எங்கள் ஊர் உருத்திரபுரத்தில் எந்தத் தகப்பனும் வீட்டில் இருந்து பேப்பர் படிக்க மாட்டார்.)

நல்ல கோடை. தேக்கங்காடு முழுக்கக் காய்ந்த இலை. கால் வைத்த இடமெல்லாம் அப்பளம்போல நொறுங்கியது. நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. இடையிடையே யாரோ விட்டுப்போன சோடாப் போத்தல்களும் பிஸ்கட் பைகளும்தான் கண்ணைக் குத்தின.

“அப்பா, அங்கால கிடக்கிற குப்பையைக் கொஞ்சம் ஒதுக்கிவிடுங்கோ. பின்னணி சுத்தமா இருக்கவேணும்” என்றேன். பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கட்டளையும் இட்டேன். “நான் படம் எடுக்கேக்குள்ள ஒருத்தரும் கதைக்கக் கூடாது.”

அப்பா ஒரு வயற்காரர். அவரைப் பொறுத்தவரை நிலத்தில் கிடக்கும் காய்ந்த இலையும் குப்பைதான். ஒரு கொப்பை முறித்து, மரங்களுக்குப் பின்னால் என் இலையுதிர் காலத்தைக் கூட்டிக் குவித்தார். குவித்த குப்பையை வயற்காரர் என்ன செய்வாரோ அதையும் செய்தார். நான் அப்போது அத்தானின் நாடியை இடது பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

கமராவுக்குள் பார்த்தேன். காட்சி மங்கலாக இருந்தது. லென்ஸைத் துடைத்தேன். இன்னும் மங்கியது.

“தம்பி, ஏதோ எரியிற மணம் வருது” என்றாள் அக்கா.

“அது மூட்டம் அக்கா. தூரத்துக் காட்சியில அப்பிடித்தான் இருக்கும். காத்தில ஈரப்பதன் கூட.”

நடுப்பகல். காற்றில் ஒரு துளி ஈரம் இல்லை. அத்தான் இருமினார்.

“மச்சான், கண் எரியுதப்பா.”

“கண்ணைத் திறந்துகொண்டு சிரியுங்கோ அத்தான். மூட்டத்தைப் பிறகு கம்பியூட்டரில எடுக்கலாம்.”

நான் கமராவை அழுத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் புகைக்குள்ளிருந்து அப்பா வந்தார். முகமெல்லாம் கரி. உடுத்திருந்த சாரத்தின் ஒரு கரை கருகியிருந்தது.

“எடுத்து முடிஞ்சுதோ?”

“ஓம் அப்பா. என்ன நடந்தது?”

“நெருப்புக் கொஞ்சம் அங்கால பரவிட்டுது. கொப்பால அடிச்சு நூத்திட்டன். நீ கதைக்கக் கூடாதெண்டு சொன்னனீ, அதான் கூப்பிடேல்லை.”

வீட்டுக்கு வந்து படத்தைக் கம்பியூட்டரில் போட்டேன். மூட்டத்தைக் குறைக்க அதில் ஒரு கோடு உண்டு. அதிலுள்ள புள்ளியைக் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். நான் கடைசி வரைக்கும் இழுத்தேன். அக்காவின் முகம் கறுத்தது. அதைத் தனியே வெளுப்பாக்கினேன். படத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் புள்ளியில் முக்கியமான ஆளை வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அதன்படி வெட்டினேன். பார்த்ததெல்லாம் இரண்டு முகங்களை மட்டும். அப்படியே படம் அச்சடிக்கும் கடைக்கு அனுப்பிவிட்டேன். கல்யாணத்தன்று படம் நேரே மண்டபத்துக்கு வந்தது.

ஆள் உயரப் படம். மூட்டம் சுத்தமாக விலகியிருந்தது. முன்னால் அக்காவும் அத்தானும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால், கோடுகள் வெட்டும் மற்றப் புள்ளியில் அச்சொட்டாக, அப்பா. சாரத்தை மடித்துக் கட்டி, பல்லைக் கடித்து, பெரிய கொப்பொன்றைத் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு பாய்ந்து வருகிறார். நெருப்பு மட்டும் அத்தானின் தோளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் படத்தின் முன் நின்றுவிட்டார்கள். உள்ளே ஒருவரும் போகவில்லை. அத்தானின் அம்மாவின் முகம் சிறுத்துவிட்டது.

“சம்பந்தியாருக்கு இதில விருப்பமில்லையெண்டா முதலே சொல்லியிருக்கலாமே?”

நான் அப்பாவைப் பார்த்தேன். நெருப்பு அணைத்த கதையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அப்பாவுக்குப் பக்கத்தில், பட்டுவேட்டியுடன், அவருடைய கூட்டாளி நின்றார். வன இலாகாவில் உத்தியோகம். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது அரசாங்கத் தேக்கெல்லே? அங்க நிண்டு என்ன அடிக்கிறியள்?”

அரச காட்டில் நெருப்பு வைத்தவர் என்று சொல்வதா, மகளைக் கொடுக்க மனமில்லாதவர் என்று சொல்வதா? அப்பா தொண்டையைச் செருமினார்.

“மாப்பிள்ளையைத்தான் தடியெடுத்துக் கலைச்சனான். எனக்கு இருக்கிறது ஒரு பொம்பிளைப் பிள்ளை. அவளைக் கனடாவுக்குக் கொண்டுபோறார். சும்மா விடேலுமே?”

பகிடியாகத்தான் தொடங்கினார். ஆனால் கடைசிச் சொல்லில் அவருடைய குரல் உடைந்துவிட்டது. அதை அவரே எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அத்தானின் அம்மாதான் முதலில் அசைந்தவர். கிட்ட வந்து அப்பாவின் கையைப் பிடித்தார்.

“அண்ணை, அவளை நான் பாத்துக்கொள்ளுவன். தடியைக் கீழ போடுங்கோ.”

மண்டபமே சிரித்தது. அக்கா மட்டும் அழுதாள். ஒப்பனைக்காரி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் என் கையில் கமரா தந்ததில்லை. பிறந்தநாளோ சாமத்தியவீடோ, யார் படம் எடுக்க ஆயத்தமானாலும் ஒரு குரல் கட்டாயம் வரும்: “முதல்ல அப்பா எங்க நிக்கிறார் எண்டு பாருங்கோ.”

அந்த ஆள் உயரப் படத்தைக் கிழித்தெறியச் சொல்லி நான் எவ்வளவோ கெஞ்சியும் அக்கா கேட்கவில்லை. சுருட்டிக் கனடாவுக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது அது அவர்களுடைய வீட்டு முன்னறையில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், பின்னால் தடியோடு வருகிற அந்த மனிதர் யார் என்று கேட்காமல் கதிரையில் இருப்பதில்லையாம்.

அத்தான் ஒவ்வொரு முறையும் ஒரே மறுமொழிதான் சொல்வாராம்.

“என்ர மாமா. எங்களை வழியனுப்ப வந்தவர்.”