மாமா குடித்த தரைத் தண்ணீர்

என் மாமனாருக்குத் தரை துடைக்கும் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தவள் நான். 'கொடுத்தவள்' என்பது முழுக்கச் சரியில்லை. அவராகத்தான் எடுத்துக் குடித்தார். ஆனால் இந்த நுணுக்கமான வித்தியாசத்தைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கப் போய் நான் பலமுறை தோற்றிருக்கிறேன். கனடாவில் இருக்கும் மச்சாள் வரைக்கும் 'கொடுத்தாள்' என்றுதான் கதை போய்ச் சேர்ந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் பயம். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. சிட்னிக்கு வந்த முதல் வருடம் சிலந்திக்குப் பயந்தேன். அடுத்து காட்டுத்தீப் புகைக்கு. மகள் மாயா பிறந்த பிறகு ஒவ்வொன்றாகப் பயப்பட நேரமில்லாமல் எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பயப்படத் தொடங்கினேன்.

மாயாவுக்கு எட்டு வயதாக இருந்தபோது, நான் குளியலறைச் சுவருக்கு ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து உள்ளே வந்து இருமினாள். நான்கு இருமல். (ஐந்தாவது இருமல் எனக்கு வந்தது, பயத்தில்.) அன்று முழுக்கப் போனும் கையுமாக இருந்தேன். படிக்கப் படிக்க, சிங்க்குக்குக் கீழே இருந்த எங்கள் சின்ன அலுமாரி ஒரு நஞ்சுக் கிடங்காகத் தெரிந்தது. வந்த சனிக்கிழமையே அவ்வளவு போத்தல்களையும் பெட்டியில் அடுக்கி, கவுன்சில் இரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

"இனி எதாலை கழுவப் போறீர்?" என்று கேட்டார் என் கணவர் குகன்.

"வினாகிரி, அப்பச்சோடா, பூந்திக்கொட்டை. அந்தக் காலத்திலை எங்கடை ஆக்கள் இதுகளாலைதானே கழுவினவை?"

"அந்தக் காலத்திலை எங்கடை ஆக்களுக்கு வேறை வழி இருக்கேல்லை."

நான் கேட்கவில்லை. பெண்டில் ஹில்லில் இருக்கும் இந்தியக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி, ஊறவைத்து, அவித்து, வடித்து, தேசிக்காய் பிழிந்து விட்டேன். நுரை வந்தது. மண்ணிறத்தில், பார்க்க நாங்கள் குடிக்கும் நெல்லிக்காய்ப் பானம், நெல்லிரசம் மாதிரியே இருந்தது. வெளியில் வைத்தால் பழுதாகிவிடும் என்பதால் ஒரு பழைய ஜூஸ் போத்தலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். லேபல் ஒட்டவில்லை.

இந்த இடத்தில் என் வேலையைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் இரத்தம் எடுப்பவள். ஒரு நாளைக்கு ஐம்பது குழாய்களில் பெயர், பிறந்த திகதி, நேரம் எல்லாம் பார்த்து லேபல் ஒட்டுகிறவள். லேபல் இல்லாத குழாய் எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவளும் நான்தான்.

மூன்று கிழமை ஓடியது. உண்மையைச் சொல்கிறேன்: வீடு சுத்தமாகவில்லை. மீன் பொரித்த எண்ணெய் குசினித் தரையில் அப்படியே குடியிருந்தது. நடந்தால் செருப்பு தரையைப் பிரிய மனமில்லாமல் 'சக், சக்' என்று சத்தம் போட்டது. மாயாவின் பிறந்தநாளுக்கு இருபது பேரை வேறு அழைத்திருந்தேன். அந்த இருபது பேரும் 'சக், சக்' என்று நடந்துபோய் அதை ஊர் முழுக்கப் பரப்புவார்கள் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

ஆகவே ஒரு களவு செய்தேன். தெரிந்த முகம் எதுவும் வராத தூரத்துச் சூப்பர்மார்க்கெட் ஒன்றுக்குக் காரை ஓட்டிப்போய், நான் வீசி எறிந்த அதே நீலநிறத் தரை கழுவும் திரவத்தில் ஒரு போத்தல் வாங்கினேன். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அதில் நான்கு மூடி கலந்தேன். மிச்சத்தைக் கார் டிக்கியில், உபரிச் சக்கரத்துக்குக் கீழே ஒளித்தேன். (கஞ்சா கடத்துகிறவர்கள்கூட இவ்வளவு கவனமாக இருப்பார்களோ தெரியாது.)

தரை மின்னியது. வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். அடுத்த ஞாயிறு மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் சறோ அன்ரி தலைமையில் ஏழெட்டுப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன பிள்ளை கலக்கிறனீர்? எங்களுக்கும் சொல்லுமன்."

"பூந்திக்கொட்டையும் தேசிக்காயும்தான் அன்ரி. எல்லாம் இயற்கை. குடிக்கவே குடிக்கலாம்!"

நெற்றியில் திருநீற்றோடு, சந்நிதிக்கு நேரே நின்று இதைச் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கலக்கும்போதும் நான்கு மூடி, ஒவ்வொரு முறையும் டிக்கி, ஒவ்வொரு முறையும் நெஞ்சிடி. தற்செயலாகச் சக்கரம் காற்றுப்போய்க் குகன் டிக்கியைத் திறந்துவிட்டால்? இந்தப் பயத்தில் ஆணி கிடக்கும் என்று தெரிந்த வீதிகளில் கார் ஓட்டுவதையே நிறுத்தினேன்.

அப்படி இருக்கும்போதுதான் சாவகச்சேரியில் இருந்து மாமா வந்தார். குகனின் அப்பா. எழுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற தபாலதிபர், பிரஷருக்குக் குளிசை எடுப்பவர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு: மருமகள் சமைத்ததில் குற்றம் சொல்வதில்லை. அந்தக் கொள்கையை நான் கடுமையாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். காலையில் செலறிச் சாறு, மாலையில் மஞ்சள் தண்ணீர், இடையில் ஏதோ ஒரு கீரையை அடித்துக் கூழாக்கியது. எதைக் கொடுத்தாலும் கடைசிச் சொட்டு வரை குடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நல்லது பிள்ளை" என்பார்.

ஜனவரி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெளியே நாற்பது பாகை வெயில். நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். மாமா குசினிக் கதிரையில் இருந்தார். மேசையில் உயரமான கிளாஸ், அடியில் கொஞ்சம் மண்ணிறம். பக்கத்தில் என் போத்தல். காலையில் நிறைந்திருந்த போத்தல் பாதிக்கு வந்திருந்தது.

"உம்மடை நெல்லிரசம் நல்ல குளிர் பிள்ளை," என்றார். "கொஞ்சம் கைக்குது. எண்டாலும் உடம்புக்கு நல்லதுதானே."

சொல்லிவிட்டு ஒரு சின்ன ஏப்பம் விட்டார். அவருடைய வாயின் ஓரத்தில் ஒரு குமிழி எட்டிப் பார்த்தது. வளர்ந்தது. வெயிலில் வானவில் நிறம் காட்டியது. உடைந்தது.

ஓடிப்போய்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்தேன்.

"மாமா... எவ்வளவு குடிச்சனீங்கள்?"

"ரெண்டு கிளாஸ். முதல் கிளாஸ் பிடிக்கேல்லை. நீர் செய்ததைப் பிடிக்கேல்லை எண்டு நினைக்க எனக்கே ஒரு மாதிரி இருந்துது. அதுதான் இன்னொண்டு வார்த்தனான்."

நான் போட்ட கூச்சலில் குகனும் மாயாவும் ஓடி வந்தார்கள். குகன் போத்தலைப் பார்த்தார், தகப்பனைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார். "பூந்திக்கொட்டைதானே! குடிக்கலாம் எண்டு கோயில்லை வைச்சு நீர்தானே சொன்னனீர்?" மாயாவும் சிரித்தாள். என்ன விஷயம் என்று புரிந்ததும் மாமாவும் சிரித்தார், இன்னும் இரண்டு குமிழிகளோடு.

அந்தக் குசினியில் சிரிக்காமல் நின்றவள் நான் ஒருத்திதான். அந்தப் போத்தலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று தெரிந்தவளும் நான் ஒருத்திதான். அப்படி ஒரு தனிமையை அதற்கு முன்பும் பின்பும் நான் அறிந்ததில்லை.

நஞ்சு பற்றி விசாரிக்கும் உதவித் தொலைபேசிக்கு அடித்தேன். "இதுக்குப் போய்..." என்று சொல்லிக்கொண்டே குகன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். ஒரு பெண்ணின் நிதானமான குரல், ஆங்கிலத்தில். வயது என்ன? என்ன மருந்து எடுக்கிறார்? மூச்சுத் திணறுகிறதா? எவ்வளவு குடித்தார்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"அதில் என்னென்ன இருந்தது?"

"பூந்திக்கொட்டை. தேசிக்காய். தண்ணீர்."

"வேறு ஏதாவது?"

குகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணமாகத்தான் பார்த்தார். எனக்கு அது நீதிபதி பார்ப்பது போல இருந்தது. "வேறொன்றும் இல்லை," என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. பயம் ஒரு மனுசியை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நானே சாட்சி. ஒரு நல்ல மனிதரின் உயிரையும் என் தரையின் மானத்தையும் தராசில் போட்டு, ஒரு கணம் தரையின் பக்கம் நின்றிருக்கிறேன்.

அப்போது மாமா இருமினார். கெட்ட இருமல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமினார்.

"தரை கழுவும் திரவம்!" என்று கத்தினேன். "கடையில் வாங்கியது! நீலம்! நான்கு மூடி!"

குகனின் வாய் திறந்தபடி நின்றது. மாயாதான் முதலில் பேசினாள்.

"மம்! யூ லைட்! பொய் சொன்னீங்கள்!"

"பரவாயில்லை, சொன்னது நல்லது," என்றது போனில் இருந்த குரல். "அந்தப் போத்தலை எடுத்து லேபலை வாசிக்க முடியுமா?"

"அது... காரில் இருக்கிறது. டிக்கியில். உபரிச் சக்கரத்துக்குக் கீழே."

அவ்வளவு நேரமும் தடங்கலில்லாமல் பேசிய குரல் முதன்முறையாகத் தயங்கியது. "நான் காத்திருக்கிறேன்," என்றது.

வெறுங்காலோடு ஓடினேன். கொங்கிரீட் பாதை தோசைக்கல்லாகக் கொதித்தது. டிக்கியில் இருந்த பாயை இழுத்து எறிந்து, ஜாக்கியை எறிந்து, சக்கரத்தைப் புரட்டி, போத்தலைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். முன்வீட்டு வெள்ளைக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாதக்கணக்கில் எந்தப் பெயர்களைக் கண்டு நடுங்கினேனோ, அதே இரசாயனப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒவ்வொன்றையும், நீ நல்லவனாக இருக்க வேண்டுமே என்று மனதுக்குள் கெஞ்சியபடி.

வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வயதானவர், இருமுகிறார், ஆகவே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இரண்டு போத்தல்களையும் கையோடு எடுத்துப் போங்கள் என்றார் அந்தப் பெண்.

குகன் வேகமாகக் கார் ஓட்டினார். முன்சீட்டில் மாமா. பின்னால் மாயாவும், மடியில் இரண்டு போத்தல்களோடு நானும். என் மூளை அதற்குள் செத்தவீட்டையே நடத்தி முடித்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுக்கிறேன். "என்னத்தாலை பிள்ளை மோசம்போனவர்? நெஞ்சுவருத்தமோ?" "இல்லை, தரை துடைக்கிற தண்ணி."

"தம்பி, மெதுவா ஓடும். கமரா இருக்கும்," என்றார் மாமா இருமலுக்கு நடுவில். பிறகு என் பக்கம் திரும்பி, "நீர் அழாதையும் பிள்ளை. நான்தானே கேக்காமல் எடுத்துக் குடிச்சனான்," என்றார். அதற்குப் பிறகு நான் வாய்விட்டே அழுதேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள், மூக்கில் ஒட்சிசன் குழாய் வைத்தார்கள். இரத்தம் எடுக்க வந்த தாதி பெயரும் பிறந்த திகதியும் கேட்டு, குழாயில் லேபலை ஒட்டி, "இதுதான் மிக முக்கியம்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன். தரை பளபளவென்று இருந்தது. என்ன போட்டுத் துடைக்கிறார்கள் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

இரண்டு மணிநேரம் கழித்து இளம் பெண் டொக்டர் ஒருவர் வந்தார். நுரையீரலுக்குள் எதுவும் போகவில்லை, வயிறு கொஞ்சம் கலக்கும், மாலை வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. அவர் மாமாவிடம் திரும்பி, "இரண்டு கிளாஸ் குடித்தீர்களே, சுவை விளங்கவில்லையா?" என்று கேட்டார்.

மாமா கட்டிலில் நிமிர்ந்து இருந்து, தன் தபாலதிபர் ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "டொக்டர், சுவை மோசம்தான். ஆனால் என் மகன் வீட்டில் எனக்குக் கிடைத்த பானங்களில் அதை மிக மோசமானது என்று சொல்ல மாட்டேன்."

டொக்டர் சட்டென்று திரும்பிச் சேலைன் குழாயை ஆராய்ந்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. குகன் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கி, சிரித்து முடிக்கும்போது கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் எவ்வளவு பயந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. ஏழெட்டு வீடுகளில் என் செய்முறை இருக்கிறது, 'குடிக்கலாம்' என்ற உத்தரவாதத்தோடு. மறுநாளே கோயிலுக்குப் போய், அன்னதான மண்டபத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். சறோ அன்ரி தொடையில் தட்டினார்.

"அதுதானே பார்த்தன்! மூண்டு மாசமா முதுகு முறியத் தேய்க்கிறன், என்ரை தரை மட்டும் ஏன் மினுங்கேல்லை எண்டு!"

இப்போதும் எங்கள் வீட்டில் வினாகிரியும் அப்பச்சோடாவும்தான். தரைக்கு மட்டும், கடையில் விற்கும் வாசனை இல்லாத திரவம் ஒன்று. பூட்டிய அலுமாரிக்குள், லேபலோடு. தரை மின்னுவதில்லை. யாரும் வாய் பிளப்பதும் இல்லை.

மாமா சுகமாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால் அவர் விமானம் ஏறும் முன்பே கதை ஏறிவிட்டது. நான் எந்த வீட்டில் தட்டில் கிளாஸ்களோடு வந்தாலும், "இது குடிக்கிறதோ, துடைக்கிறதோ?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை. போன மாதம் மெல்பேர்னில், நோபல் பார்க்கில் ஒரு கலியாண வீடு. வாசலில் வரிசையாக இருந்த பெரியவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுபோனேன். ஒருவரையும் எனக்கு முன்பின் தெரியாது. முதலாவதாக இருந்த அங்கிள் ஒரு கிளாஸை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"குறை நினைக்காதையும் பிள்ளை. முதல்லை நீர் ஒரு மிடறு குடியுமன்."

குடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அந்த வரிசையில் இருந்த பதினொரு பேரும் கை நீட்டினார்கள்.