தலைக்குள் ஒரு சேணம்

எங்கள் தீவில், ட்ராசா என்ற ஊரில், சேணக்காரர் சும்மா உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்துக் கரும்புத் தோட்டக் குதிரைகளுக்கெல்லாம் அவர்தான் சேணம் தைப்பார். அதையும் நடந்துகொண்டேதான் தைப்பார். ஊசி ஒரு அறையில் இருக்கும், நூல் அடுத்த அறையிலிருந்து வந்துகொண்டிருக்கும். அவருடைய நிஜப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பார்.

ஒரு வருஷம் அவருக்குத் தொப்பி பத்தாமல் போனது. கடைக்காரரோடு சண்டை. பிறகு பூட்ஸ் பத்தவில்லை. அதைத் தைத்தவரோடு சண்டை. மோதிரம் விரலில் சிக்கிக்கொண்டதும் தட்டானைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

"இந்த ஊர் மழையில எல்லாம் சுருங்குது தம்பி! நான் மட்டுந்தான் இருந்தபடி இருக்கேன்!"

தாடை முன்னால் தள்ளிக்கொண்டு வந்ததையும் அவர் கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்வை மங்கி, கதவு நிலையில் மாறி மாறி இடித்துக்கொள்ள ஆரம்பித்ததும், மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தார். அங்கே எக்ஸ்ரே எடுக்கிறவன் நான்.

கைக்கும் காலுக்கும் மணல் மூட்டை வைத்து அமுக்கிப் படம் எடுத்துவிட்டேன். விரல் நுனி எலும்புகள் அம்பு முனை மாதிரி விரிந்திருந்தன. குதிகால் சதை தடித்துக் கிடந்தது. தலைக்கு எந்த மூட்டையை வைப்பது? தோல் வாரால் கட்டினேன். "தையல் மட்டம்" என்று சொல்லி அவிழ்த்துப் போட்டார். எடுத்த மூன்று படங்களிலும், ஆடியதில், அவருக்கு மூன்று மூக்கு.

டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"தலைக்குள்ள சேணம் மாதிரி ஒரு எலும்பு இருக்கு அண்ணே. அது அகண்டுபோயிருக்கணுமாம்."

"அரே! யாரு தைச்சது?"

"யாரும் தைக்கல. அதுமேல பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கும். அது பெருத்துப்போச்சு."

"சவாரிக்காரன் பெருத்துட்டான்னு சொல்லு."

தெளிவான படம் இல்லாமல் நியூசிலாந்தில் ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டார்கள். ஆபரேஷன் இல்லையென்றால் கண் போய்விடும். என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு பிலிம். அடுத்தது எந்தக் கப்பலில் வருமோ தெரியாது. இதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அறையை ஏழு சுற்றுச் சுற்றினார். எனக்குப் பயம், கோபம், அழுகை எல்லாம் சேர்ந்து வந்தன.

"அண்ணே, சேணத்துக்கு அளவு எடுக்கையில குதிரை ஆடலாமா?"

"ஆடவே கூடாது. சேணம் கோணிப்போகும். முதுகு புண்ணாகும்."

"இப்போ உங்க சேணத்துக்குத்தான் அளவு எடுக்கப்போறேன்."

சேணக்காரர் நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார். மேஜையில் ஏறிப் பக்கவாட்டில் தலையை வைத்தார். குதிரைகளிடம் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டார்: "நில்லு ராசா, நில்லு." மூச்சுகூட விடவில்லை. நான் பொத்தானை அமுக்கினேன்.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் அளந்து பார்த்தார். "டாக்டர் சொன்னது சரி. ரெண்டு சைஸ் பெருசு."

ஆபரேஷனுக்குப் போய்விட்டுத் திரும்பினார். கண் தப்பியது. கழற்றி வைத்த மோதிரம் மட்டும் மறுபடி விரலில் நுழையவில்லை. தட்டான் செய்த மோசம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் இல்லை. அந்தப் படத்தின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் அவர் அசையாமல் இருக்கிறார். எடுத்துப் பார்க்கிறபோதெல்லாம் சொல்லத் தோன்றுகிறது: ஒரு தடவை ஆடுங்க அண்ணே, படம் கெட்டா கெடட்டும்.